பின்னால் நின்று பிடித்த அக்காவுக்கு

என் பாக்கியம் அக்கா,

போன இடத்தில் நீயாவது சுகமாக இருக்கிறாயா? நான் இல்லை. நாளைக் காலையில் மறுபடியும் என்னை அந்த ஒப்பரேசன் மேசையில் படுக்க வைக்கப் போகிறார்கள். அதே கண். இருக்கிற ஒரே கண். பயமாக இருக்கிறது அக்கா. மகள் வதனி ஒரு பக்கத்தில் இருந்துகொண்டு, "ஒண்டுமில்லம்மா, ஒண்டுமில்ல" என்று சொல்லிச் சொல்லியே என் பயத்தைக் கூட்டுகிறாள். ஒன்றுமில்லை என்றால் ஏன் அவளுடைய குரல் அப்படிக் கீச்சிடுகிறது? அதுதான் உனக்கு எழுத இருந்தேன்.

எழுத்து கோணலாகவும் பெரிது பெரிதாகவும் விழும். தாளில் போட்டிருக்கிற கோடே எனக்கு இரண்டாகத் தெரிகிறது. பொறுத்துக்கொள். நீ உயிரோடு இருந்த காலத்தில் மட்டும் என் எழுத்து என்ன முத்து முத்தாகவா இருந்தது?

என் இடது கண் போன விதம் உனக்குத் தெரியும். வயல் வட்டைக்குள் வேளாண்மை வெட்டும்போது நெல் தாள் கீறியது. கழுவினால் சரியாகும் என்று விட்டேன். புண்ணாகி, வெள்ளையாகி, அதோடு சரி. மிச்சம் இருந்த வலது கண்ணிலும் நீ இருக்கும்போதே புரை படரத் தொடங்கிவிட்டது. இடியப்ப மாவுக்கு உப்பென்று சீனியை அள்ளிப் போட்டு, கடைக்காரர் அவ்வளவையும் திருப்பி அனுப்பினாரே, அன்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். நீ போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருந்தபோது சிரிப்பு வரவில்லை. அடுப்பு எரிகிறதா அணைந்ததா என்று கையை நீட்டித் தடவிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. வதனி கதிரவெளியிலிருந்து வந்து, ஒரு நாள் பார்த்துவிட்டு, அன்றே என்னை இழுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள்.

கண் டொக்டர் ஒரு பெண்பிள்ளை. வதனியின் வயதுதான் இருக்கும். என் கருவிழி பந்து மாதிரி ஒழுங்கான உருண்டையாக இல்லையாம். ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் வளைந்திருக்கிறதாம். அதனால் சாதாரண லென்ஸ் வைத்தால் புரை போகும், ஆனால் பார்வை தெளியாது என்றாள். அந்த வளைவைச் சமப்படுத்துகிற லென்ஸ் வேறாக இருக்கிறது. அதற்குத் திசை உண்டு. விளிம்பில் சின்னச் சின்ன அடையாளம் போட்டிருக்கும். அது கண்ணில் அவர்கள் குறித்த கோட்டில் வந்து நிற்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன் என்னைக் கதிரையில் நிமிர்த்தி இருத்தி, வெள்ளை விழியின் ஓரத்தில் மையால் புள்ளி வைத்தாள். "படுத்த பிறகு வைங்களன் புள்ள" என்றேன். "படுத்தா கண்ணே கொஞ்சம் திரும்பிரும் அம்மா, பிறகு புள்ளி பிழைச்சிரும்" என்றாள். படுத்தால் கண் திரும்பும் என்று உனக்குத் தெரியுமா அக்கா? இத்தனை வருஷமாகப் படுத்து எழும்பியிருக்கிறோம், ஒருத்தியும் சொல்லவில்லை.

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். ஐயோ, அதை உனக்கு எப்படிச் சொல்ல? சுவரில் பல்லி. பல்லிக்குக் கால். காலுக்கு விரல். திரும்பி வதனியைப் பார்த்தேன், அவளுக்குக் காதோரத்தில் நரைத்திருக்கிறது. என் பிள்ளைக்கு நரை விழுந்ததுகூடத் தெரியாமல் இவ்வளவு காலமும் அவள் வந்து போகும்போதெல்லாம் சோறு போட்டிருக்கிறேன். ஒப்பாரி வைத்து அழுதுவிட்டேன். "கண்ணீர் விடப்படாதம்மா" என்று நேர்ஸ் ஏசினாள்.

டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "அச்சொட்டா நேரா இருக்கு" என்றாள். பிறகுதான் மற்றதைச் சொன்னாள். புரை படர்ந்த பழைய லென்ஸை எடுத்த பிறகு அதன் தோல் உள்ளே ஒரு பை மாதிரிக் கிடக்குமாம். லென்ஸ் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது. நாள் போகப் போகப் பை சுருங்கி அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதுவரைக்கும் லென்ஸ் திரும்பக்கூடும். என் கண் நீளமான கண்ணாம், பையும் பெரிதாம். அதனால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டுமாம்.

"கிறுகிப்போகுமாம் அம்மா" என்று வதனி எனக்கு விளங்கப்படுத்தினாள். "பானை மூடி கிறுகிற மாதிரி."

"கிறுகினா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் கிறுகினா கொஞ்சம் மங்கும். நல்லாக் கிறுகினா இந்த லென்ஸ் வச்சதில பிரயோசனமில்ல" என்றாள் டொக்டர். "தலைய உலுப்பிற மாதிரி ஏதும் வேலை செய்வீங்களா அம்மா? பாரம் தூக்கிறது, பாய்ஞ்சு ஆடுறது, இப்பிடி ஏதும்?"

"இல்ல டொக்டர். இடியப்பம் அவிக்கிறது மட்டும்தான்."

அக்கா, சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை. ஆடுவது நான் என்று நம் ஊரில் யாராவது என்றைக்காவது சொல்லியிருக்கிறார்களா? 'யோகத்துக்கு அம்மாள் வந்தவ' என்பார்கள். 'அம்மாள் நல்லா ஆடினவ' என்பார்கள். முழங்கால் உரஞ்சி இரத்தம் வந்தாலும் அது நான் விழுந்ததாக யாரும் நினைப்பதில்லை. டொக்டர் கேட்டது என்னைப் பற்றி. நான் என்னைப் பற்றித்தான் பதில் சொன்னேன்.

வீடு திரும்பும் வழியில் ஓட்டோ பாலத்தைக் கடந்து நம் படுவான்கரைக்குள் இறங்கியது. நம் கண்ணகை அம்மன் கோயில் முகப்பில் வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மரத்துக்கு மரம் ஸ்பீக்கர். வைகாசிச் சடங்கு. வருஷத்தில் ஒரு தடவை கதவு திறக்கிற நாட்கள், மறுநாள் தொடங்க இருந்தன. ஒப்பரேசனுக்கு நாள் குறித்தது ஆஸ்பத்திரி. எங்களுக்கு ஓமென்று சொல்லத்தான் வாய் இருந்தது. வதனி என் கையைப் பிடித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பறை முழங்கி உடுக்கு ஏறும்போது எனக்கு உள்ளங்காலில் தொடங்கும், உனக்குத் தெரியுமே. பிறகு ஒன்றும் தெரியாது. கண் விழிக்கும்போது மயிர் அவிழ்ந்து, கழுத்து முறிந்த மாதிரி உளையும். உன் சேலைத் தலைப்பு என் இடுப்பைச் சுற்றியிருக்கும். நீ பின்னால் நின்று அதைப் பிடித்திருப்பாய். நான் தூணில் மோதாமல், தீச்சட்டியில் விழாமல், இத்தனை வருஷமும் நீதான். இது நீ இல்லாத முதல் சடங்கு. வழக்கமாக அம்மாள் வருவாளா என்று ஆசையோடு காத்திருப்பேன். இந்த முறை வந்துவிடுவாளோ என்று நடுங்கினேன். தெய்வத்துக்குப் பயந்து ஒளிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன் பார்.

கோயிலில் பூசை செய்கிற கப்புகனார் மாமாவிடம் போய் அழுதேன். "இந்த வருசம் மட்டும் எனக்கு வராம ஏதும் செய்யேலாதா மாமா?"

"வராத எண்டு சொல்ல நான் ஆரு புள்ள? அவ நினைச்சா வருவா" என்றார். என் கண்ணைப் பார்த்தார். இரங்கினார் போல. "சத்தம் கேக்காத இடமாப் பாத்துப் போ. கேட்டா நீ நிக்கமாட்டாய்."

அன்றைக்கே வதனியோடு கதிரவெளிக்கு பஸ் ஏறினேன். பஸ் குழியில் விழ விழ, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்தவள், "தலையிடியா அக்கா? சித்தாலேபம் தரட்டா?" என்று கேட்டாள். கண்ணுக்குள் ஒரு கண்ணாடித் துண்டு கிறுகப் பார்க்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு போகிறேன் என்று சொன்னால் அவள் எழும்பி வேறு சீற்றுக்குப் போயிருப்பாள்.

வதனியின் வீடு கடலோரம். மருமகன் தொழிலுக்குப் போனால் வீட்டில் வதனியும் அவளுடைய மாமியும்தான். அங்கே பறையும் இல்லை, உடுக்கும் இல்லை; அலைச் சத்தம் மட்டும். விடிந்ததும் முதல் வேலையாகக் கதவு நிலையைப் பார்ப்பேன். விளிம்பு சுத்தமாகத் தெரிந்தால் மூச்சு விடுவேன். பிறகு கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பார்ப்பேன். "நிலையப் பாத்துப் பாத்தே கறையான் அரிக்கப் போகுது" என்று வதனி பகிடி பண்ணுவாள். குளிக்கும்போது தலையைக் குனியவில்லை. தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். இந்தக் கண்ணும் போனால் என்ன செய்வேன்? பிறகு வதனியின் விறாந்தையில் ஒரு மூலையில் குந்தியிருக்கிற கிழவி. யார் வந்தது, யார் போனது என்று கேட்டுக்கொண்டு. அதை நினைத்தால் செத்துப்போகலாம் போல இருக்கும். நீ கோவிக்காதே, அப்படித்தான் இருந்தது.

சம்பந்தி நல்ல மனுஷி. அதுதான் வினையாகப் போயிற்று. எனக்கு அம்மாள் வருகிற விஷயம் அவவுக்குத் தெரியாது, நாங்கள் சொல்லவில்லை. கண் ஒப்பரேசன், ஓய்வு வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தோம். வருஷத்துக்கு ஒருமுறை கதவு திறக்கிற சொந்தக் கோயிலுக்குப் போக முடியாமல் நான் இங்கே கிடக்கிறேனே என்று அவவுக்கு ஒரே கவலை.

கோயிலுக்குள் படம் எடுக்கக் கப்புகனார் மாமா விடமாட்டார் அல்லவா? அதனால் நம்மூர்ப் பெடியன்கள் வெளிவீதியில் நின்று பந்தலைக் காட்டி, சத்தத்தை மட்டும் பேஸ்புக்கில் நேரடியாக விடுகிறார்கள், வெளிநாட்டில் இருக்கிற சனங்களுக்காக. சடங்கின் கடைசி நாள், அம்மாளைக் குளிர வைக்கிற குளிர்த்தி அன்று பின்னேரம் சம்பந்தி அதைக் கண்டுபிடித்துவிட்டா. போனைச் சாமித்தட்டில் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் விளக்கும் கொளுத்தி, "மச்சாள், வாங்க, இஞ்ச பாருங்க, உங்கட அம்மாள்!" என்று கூப்பிட்டா.

நான் விறாந்தையிலிருந்து எழும்பி உள்ளே வந்தேன். பறை. உடுக்கு. பெண்களின் குரவை. இவ்வளவு தூரம் ஓடி வந்த சத்தம், ஒரு சாண் பெட்டிக்குள்ளிருந்து என் முகத்துக்கு நேரே வருகிறது. என் கால் நிலத்தில் ஒட்டிக்கொண்டது.

வதனி தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "காதைப் பொத்துங்க அம்மா! காதைப் பொத்துங்க!" என்று பின்னால் நின்று என் தலையை இரண்டு கையாலும் தன் நெஞ்சோடு இறுக்கினாள். நான் காதைப் பொத்தினேன். பொத்தினாலும் கேட்டது. இதோ வருகிறாள், இதோ என்று உள்ளங்கால் கூசுவதற்காகக் காத்திருந்தேன். கூசவில்லை. உடுக்கு ஏறியது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று நினைத்த அந்த நேரம், என் தலையைப் பிடித்திருந்த கைகள் நடுங்கின. பிள்ளை அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன்.

அழவில்லை. வதனிக்கு அம்மாள் வந்துவிட்டாள்.

என்ட பிள்ளைக்கு, அக்கா! இதுவரைக்கும் கோயிலில் பூத்தட்டு எடுக்கிறதோடு நின்றவளுக்கு. சம்பந்தி பயந்து கத்திக்கொண்டு போனை அணைக்க ஓடினா. "நிப்பாட்டாதீங்க!" என்று நான் கத்தினேன். இடையில் பறை நின்றால் வந்த தெய்வம் இறங்க வழியில்லாமல் ஆளைப் போட்டு முறுக்கும் என்று நமக்குத் தெரியும். சம்பந்தி கையை எடுத்துக்கொண்டா. ஆனால் அந்தக் கரையில் கவரேஜ் நம் பேச்சைக் கேட்குமா? சத்தம் விக்கியது, அறுந்தது. போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. வீடு முழுக்க ஒரே அமைதி.

வதனி விறைத்துப்போனாள். பல்லுக் கிட்டி, கழுத்து பின்னால் வளைந்து, குதிக்காலில் நின்று பின்பக்கமாகச் சரிந்தாள். பின்னால் சீமெந்துப் படி.

டொக்டர் சொன்னதெல்லாம் அந்த நேரம் எனக்கு மறந்துபோயிற்று என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருந்தது. பாரம் தூக்காதே, தலையை உலுப்பாதே, கிறுகிப்போகும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் பாய்ந்தேன். சேலைத் தலைப்பை இழுத்து அவள் இடுப்பில் சுற்றிப் பின்னால் நின்று பிடித்தேன். என்ன பலம் அக்கா அவளுக்கு! தலையை வீசி அடித்தாள். பின்மண்டை வந்து என் வலது கன்ன எலும்பில், கண்ணுக்குக் கீழே, மடாரென்று இடித்தது. கண்ணுக்குள் மின்னியது. விடவில்லை. "மஞ்சள் தண்ணி கொண்டாங்க!" என்று கத்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த அளவுக்குக் குளிர்த்திப் பாட்டை நானே பாடினேன். என் குரலைக் கேட்டால் அம்மாள் ஓடிப்போவாள் என்று நீ சொல்லுவாய். சம்பந்தி பாத்திரத்தோடு மஞ்சள் தண்ணீரை எங்கள் இரண்டு பேர் தலையிலும் கொட்டினா. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பாடப் பாட வதனியின் உடம்பு இளகி, என் மேலேயே சாய்ந்தாள்.

"என்னம்மா நடந்த?" என்று கேட்டாள். நான் கேட்பது போலவே.

அவளைப் பாயில் கிடத்திவிட்டுச் சாமித்தட்டைப் பார்த்தேன். விளக்கின் சுடர் ஒரு பக்கமாகச் சரிந்து இழுபட்டுத் தெரிந்தது. காற்றாக்கும் என்று நினைத்தேன். கதவு நிலையைப் பார்த்தேன். நிலைக்குப் பக்கத்தில் இன்னொரு நிலை, நிழல் மாதிரி. கண்ணைக் கசக்கக்கூட முடியாது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் நெடுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். "கிறுகியிருக்கு அம்மா" என்றாள். என்னோடு பழகி அவளுக்கும் நம் சொல் வந்துவிட்டது. "விழுந்தீங்களா? ஆரும் இடிச்சவையா?"

"மகளுக்கு அம்மாள் வந்தவ. நான் பிடிச்சன்."

அவள் வெளிச்சத்தை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கும் வாறதா?"

"ஓம்."

"அண்டைக்கு ஆடுவீங்களா எண்டு கேட்டனே அம்மா?"

"அது நானில்லையே டொக்டர்."

ஏசுவாள் என்று தலையைக் குனிந்தேன். குனியாதீங்க என்றுதான் ஏசினாள். இடிபட்டதாலா, பை பெரிதாக இருந்ததாலா என்று அவளாலேயே சொல்ல முடியாதாம். மறுபடியும் கண்ணைத் திறந்து, லென்ஸைப் பிடித்து அதே கோட்டுக்குக் கொண்டுவரப் போகிறாள். பிடிமானத்துக்கு ஒரு சின்ன வளையமும் பைக்குள் வைப்பாளாம். பை கிழியக்கூடும், கிருமி போகக்கூடும் என்று அதையும் மறைக்காமல் சொன்னாள். "ஒரே கண் எண்டபடியால் சொல்லத்தான் வேணும்" என்றாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னதிலிருந்து எனக்குக் குளிர் காய்ச்சல் மாதிரி நடுங்குகிறது.

ஆனால் அக்கா, இந்த நடுக்கத்துக்குள் வேறொன்றும் விளங்குகிறது. வதனியைப் பிடித்து நின்றபோது எனக்கு ஒரே பயம். எந்தப் பக்கம் சரிவாள், எதில் மோதுவாள், மூச்சு விடுகிறாளா, அம்மாள் இறங்காமலே போனால் என்ன செய்வது? வந்தவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. எனக்கு ஒரு வருஷமும் தெரிந்ததில்லை. பயம் முழுக்க உன்னிடம்தான் இருந்திருக்கிறது. சடங்கு முடிந்ததும் நீ போர்த்திக்கொண்டு படுத்துக் கிடப்பாய். "ஆடினது நான், உளைவு உனக்கா?" என்று நான் உன்னை நையாண்டி பண்ணுவேன். நீ ஒன்றும் சொல்லாமல் மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பாய். ஏன் சொல்லவில்லை? பயமாக இருக்கிறது, இனி உன்னைப் பிடிக்க ஏலாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொன்னால் நான் ஆட மாட்டேன் என்று நினைத்தாயா?

வதனிக்கு அடுத்த வருஷமும் வரும். ஒருமுறை வந்தவள் விடமாட்டாள் என்று மாமா போனில் சொன்னார். சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அந்த நேரத்திலிருந்து ஒரே யோசனை: இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்தால் யார் யாரைப் பிடிப்பது?

அதனால் உனக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். நாளைக்கு மேசையில் ஆடாமல் அசையாமல் படுத்துக் கிடக்கும்போது அம்மாளிடம் கேட்கப் போகிறேன், என்னை விட்டுவிடு என்று. கோபத்தில் இல்லை. அவள் வந்த ஒவ்வொரு வருஷமும் எனக்குப் பெருமைதான். ஊர் முழுக்க என் காலில் விழுந்து விபூதி வாங்கியது எனக்கு மறக்குமா? ஆனாலும் கேட்பேன். வைகாசியில் கதவு திறக்கும்போது வதனிக்குப் பின்னால் ஒரு ஆள் வேண்டும். கண் நேராக வந்தாலும் சரி, கோணலாகவே கிடந்தாலும் சரி, இடுப்பைப் பிடிக்கக் கை போதும். பயம் போகாது, அது எனக்குத் தெரியும். பயந்துகொண்டே நிற்பேன்.

இனி உன் இடத்தில் நிற்கப்போகிற,
உன் தங்கச்சி யோகம்